புழுவின் நிறம் அறிந்த குடும்பம்

கோமாரி ஊர் மக்களே, திருக்கோவிலில் இருந்தும் பொத்துவிலில் இருந்தும், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கமிருந்தும் சிரமம் பாராமல் வந்திருக்கும் ஆசிரியர்களே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே!

நான் இன்றைக்குப் பேச வந்திருப்பது ஒரு தகப்பனையும் அவருடைய ஆண்மக்கள் இருவரையும் பற்றி. மூவரும் இந்த நாட்டில் பிறந்தவர்கள். மூவரும் சித்திரக்காரர்கள். விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் லண்டனில் அச்சாகி உலகமெங்கும் போன பெரும் நூல்களுக்கு, பேராதனையில் இருந்துகொண்டு படம் வரைந்து கொடுத்தவர்கள். தகப்பனார் ஹரமானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. மக்கள் வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ். இந்தப் பெயர்கள் நம் பாடப்புத்தகத்தில் வருகின்றனவா? சித்திரப் பாடத்தில் வருகின்றனவா? விஞ்ஞானப் பாடத்தில் வருகின்றனவா? இரண்டிலும் வந்திருக்க வேண்டிய பெயர்கள் இவை. அந்தக் குறை என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

விக்டோரியா காலத்துப் புத்தகச் சித்திரம் என்றால் உலகம் யாரை நினைக்கிறது? ஜோன் டெனியலை நினைக்கிறது. 1865 இல் லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதைக்குப் படம் போட்டவர் அவர். கடிகாரம் பார்த்தபடி ஓடும் முயலை இன்றைக்கும் பிள்ளைகள் அவர் வரைந்த உருவத்தில்தான் மனத்தில் காண்கிறார்கள். 1893 இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், நல்ல கலைஞர். ஆனால் அதே ஆண்டுகளில், அதே லண்டனின் அச்சுக்கூடங்களுக்கு, நம் மலைநாட்டில் இருந்து கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த படங்கள் இருந்தனவே! அந்தக் கைகளுக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்?

தகப்பனாரில் இருந்து தொடங்குகிறேன்.

பேராதனைத் தாவரப் பூங்கா 1821 இல் தொடங்கியது. மகாவலி ஆறு வளைந்து ஓடும் அந்த நிலத்தில் முதல் பொறுப்பாளராக இருந்தவர் அலெக்சாண்டர் மூன். இலங்கையில் வளரும் செடிகொடிகளுக்கு அவர் 1824 இல் ஒரு பெயர்ப்பட்டியல் நூல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு, 1823 இல், பூங்காவின் சித்திரக்காரராக ஹரமானிஸ் டி அல்விஸ் வேலைக்குச் சேர்ந்தார். 1861 வரை அந்த வேலையில் இருந்தார். 38 ஆண்டுகள்! விக்டோரியா அரியணை ஏறியது 1837 இல். ஹரமானிஸ் அப்போதே பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ள கைக்காரர்.

அந்த 38 ஆண்டுகளில் பூங்காவுக்கு வந்த துரைமாரைப் பாருங்கள். மூன் 1825 இல் இறந்து போனார். பின்னால் வந்த மக்ரே 1830 இல் இறந்து போனார். வாட்சன் வந்தார், நோர்மன்செல் வந்தார். 1844 இல் ஜோர்ஜ் கார்ட்னர் என்ற பெரிய தாவர அறிஞர் வந்தார். பிரேசில் காடுகளில் அலைந்து திரிந்து செடி சேர்த்தவர். 1849 இல் நுவரெலியாவில் திடீரென்று மாண்டு போனார். பிறகு த்வெய்ட்ஸ் வந்தார். துரைமார் வந்தார்கள், மாறினார்கள், மறைந்தார்கள். சித்திரக்காரர் இருந்தார். இன்ன செடி எந்த மாதம் பூக்கும், எந்தக் காட்டில் கிடைக்கும், சென்ற துரை அதற்கு என்ன பெயர் வைத்தார் என்பதெல்லாம் புதிதாக வரும் துரைக்கு எங்கிருந்து தெரியும்? பூங்காவின் நினைவு என்று ஒன்று இருந்ததென்றால், அதில் பெரும்பகுதி அந்த வரைமேசையில்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழும். செடியைப் பிடுங்கி அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி வைக்கிறார்களே, பிறகு படம் எதற்கு? நல்ல கேள்வி. நம் வீட்டு முற்றத்துச் செவ்வரத்தம்பூவைப் பறித்து ஒரு புத்தகத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் அது என்ன ஆகிறது? சிவப்பு போய்விடும். மென்மை போய்விடும். இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அது எப்படி நிமிர்ந்து நின்றது, எந்தப் பக்கம் சாய்ந்தது, உள்ளே மகரந்தத் தண்டு எப்படி நீண்டது என்பதெல்லாம் போய்விடும். காய்ந்த செடி ஒரு சாட்சிதான். ஆனால் நிறம் மறந்த சாட்சி. அந்த நிறத்தைச் சொல்ல அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. ஒளிப்படக் கலை அப்போது கறுப்பையும் வெள்ளையையும் தாண்டவில்லை. பூ வாடுவதற்கு முன் ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்ததை உடனே வரைய வேண்டும். அதுவும் அழகுக்காக ஒரு இதழைக் கூட்டாமல், சோம்பலால் ஒரு நரம்பைக் குறைக்காமல் வரைய வேண்டும்.

இப்போது த்வெய்ட்ஸ் காலத்துக்கு வருகிறேன். 1849 இல் வந்தவர் 1880 வரை பூங்காவை நடத்தினார். 1882 இல் கண்டியிலேயே கண்மூடினார். இவர் காலத்தில்தான் மகன் வில்லியம் தகப்பனார் இருந்த கதிரையில் அமர்ந்தார். ஜோர்ஜும் தூரிகை எடுத்தார். த்வெய்ட்ஸ் செடியோடு நிற்கவில்லை. காளான், பூஞ்சை, பூச்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். மழைக்காலத்தில் முளைத்து வெயில் ஏறும் முன் கரைந்து போகும் காளானைக் காயவைத்து லண்டனுக்கு அனுப்பினால், போய்ச் சேர்வது ஒரு சுருங்கிய கறுப்புத் துண்டு. பக்கத்தில் ஒரு வண்ணப்படம் இருந்தால்தான் அங்கே இருப்பவருக்கு அது என்னவென்று புரியும்.

அங்கே அவற்றைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் பெர்க்லி, புரூம் என்ற இருவர். பெர்க்லியின் பெயரை நாம் வேறொரு காரணத்துக்காகவும் அறிய வேண்டும். 1869 இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் இலையின் அடியில் மஞ்சள் பொடி படிந்தது. த்வெய்ட்ஸ் அந்த இலைகளை அனுப்பினார். பெர்க்லி அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பொடி ஒரு பூஞ்சை. சில ஆண்டுகளில் இலங்கையின் கோப்பியையே அது தின்று தீர்த்தது. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. மலையகத் தமிழ் மக்களின் வாழ்வு அந்தத் தேயிலையோடு பிணைந்தது. ஓர் இலையின் அடியில் இருக்கும் புள்ளியை உற்றுப் பார்ப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அதே பெர்க்லியும் புரூமும் 1873 இல், இலங்கையில் இருந்து போன ஒரு சளிப்பூஞ்சைக்கு அல்விசியா என்று பெயர் சூட்டினார்கள். அல்விஸ் குடும்பத்தின் பெயர் அப்படித்தான் விஞ்ஞானத்தில் ஏறியது. இன்றைக்கும் அந்தப் பேரினம் நூல்களில் இருக்கிறது.

இனித்தான் பிள்ளைகளே, நீங்கள் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ள வேண்டும். நான் இங்கே வந்ததே இந்தப் பகுதியைச் சொல்லத்தான். வண்ணத்துப்பூச்சிப் புத்தகத்தின் கதை இது.

செத்த வண்ணத்துப்பூச்சி நிறம் மாறுமா? பெரும்பாலும் மாறாது. சிறகில் இருக்கும் செதில்கள் நூறு ஆண்டு போனாலும் மின்னும். அதனால் ஊசி குத்திப் பெட்டியில் அடைத்து லண்டனுக்கு அனுப்பலாம். அங்கே இருக்கும் எந்த ஓவியரும் பார்த்து வரையலாம். ஆனால் அந்தப் பூச்சி பூச்சியாவதற்கு முன்னால் என்னவாக இருந்தது? மயிர்க்கொட்டியாக இருந்தது. புழுவாக இருந்தது. கூட்டுப்புழுவாகத் தொங்கியது. புழுவைக் காயவைத்தால் சுருங்கும், கறுக்கும். சாராயத்தில் போட்டால் வெளுக்கும். உயிரோடு அனுப்பலாமா? கப்பல் போய்ச் சேர்வதற்குள் அது பூச்சியாகிப் பறந்திருக்கும் அல்லது தின்ன இலை இல்லாமல் செத்திருக்கும்.

ஆகவே, இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளை முழுமையாகச் சொல்லும் ஒரு புத்தகத்தை லண்டனில் மட்டும் இருந்துகொண்டு யாராலும் செய்ய முடியாது. எவ்வளவு பணம் இருந்தாலும் முடியாது. எவ்வளவு பெரிய நூதனசாலை இருந்தாலும் முடியாது. உயிருள்ள புழுவின் பக்கத்தில், அது தின்னும் இலையின் பக்கத்தில், ஒரு நல்ல சித்திரக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும். பேராதனையில் உட்கார்ந்திருந்தார்கள். வில்லியமும் ஜோர்ஜும் உட்கார்ந்திருந்தார்கள்!

அந்த வேலை எப்படிப்பட்டது என்று நம் ஊர்க் காட்சியை வைத்தே நினைத்துப் பாருங்கள். கடற்கரைப் பாதையோரம் எருக்கலை நிற்கிறது. அதன் இலையைத் திருப்பினால் ஒரு புழு இருக்கும். கறுப்பு, மஞ்சள், வெள்ளை என்று வரி வரியாக. முதுகில் கரிய கொம்புபோல மூன்று சோடி இழைகள். சில நாளில் அது தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். பச்சையாக இருக்கலாம், இளஞ்சிவப்பாக இருக்கலாம், உடம்பில் பொற்புள்ளிகள். வீட்டு வாசல் அலரியில் இன்னொரு வகை உண்டு. அதன் கூடு கண்ணாடிபோல் வெள்ளியாக மின்னும். பார்க்கிற நம் முகத்தின் நிழல்கூட அதில் தெரியும். தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் ஏறும் புழுவோ முதலில் காக்கை எச்சம்போல் இருக்கும். வளர வளரத் தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து சிவந்த ஒரு கவையை நீட்டும். ஒரு நாற்றமும் வரும்.

இதை வரைய வேண்டியவரின் நிலை என்ன? ஒரு தடவை பார்த்து வரைந்தால் போதுமா? போதாது. முதல் தோலில் ஒரு நிறம், கடைசித் தோலில் ஒரு நிறம். கூடு கட்டும் நாளைத் தவறவிட்டால் அடுத்த புழுவைத் தேட வேண்டும். கூடு வெடிக்கும் காலையைத் தவறவிட்டால் சிறகு விரியும் விதத்தைத் தவறவிட்டதாகும். எந்த இலையைத் தின்கிறது என்று தெரிய வேண்டும். அந்த இலையை நாள்தோறும் கொண்டுவந்து போட வேண்டும். சித்திரக்காரர் புழு வளர்த்தவராகவும் இருக்க வேண்டியிருந்தது. செடி அறிந்தவராகவும் இருக்க வேண்டியிருந்தது. பொறுமைசாலியாகவும் இருக்க வேண்டியிருந்தது. தகப்பனார் செடி வரைந்து 38 ஆண்டு சேர்த்த அறிவு இருக்கிறதே, அது மக்களுக்கு இங்கே கைகொடுத்தது. புழுவை மட்டும் வரைந்து விடுவதா? அது இருக்கும் இலையையும் சரியாக வரைய வேண்டாமா?

அந்தப் படங்கள் சேர்ந்து ஒரு பெரிய நூலாயின. 'இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்' என்று நாம் சொல்லக்கூடிய நூல். 1880 இல் இருந்து 1887 வரை மூன்று பாகங்களாக லண்டனில் ரீவ் பதிப்பகத்தார் வெளியிட்டார்கள். 215 படப் பக்கங்கள். விவரங்களை எழுதியவர் பிரெடரிக் மூர். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பனியின் நூதனசாலையில் பூச்சிகளோடு வாழ்ந்தவர். செலவுக்கு இலங்கை அரசாங்கம் கைகொடுத்தது. அறிவுத்துறைக்குப் பணம் ஒதுக்கும் மனம் அந்த நாளில் இங்கே இருந்தது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக இருந்த வில்லியம் கிரெகரியின் காலத்தில் அது நன்றாகவே தெரிந்தது. கொழும்பு நூதனசாலையை 1877 இல் திறந்து வைத்தவரும் அவர்தான். அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற நம் முஸ்லிம் கட்டட ஒப்பந்தக்காரர் என்பதைக் கல்முனைப் பிள்ளைகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பேராதனையில் வரைந்த படம் லண்டனில் எப்படிப் புத்தகமாயிற்று? முதலில் ஒரு வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மசியால் படத்தின் கோடுகளைத் திரும்ப வரைவார்கள். கல்லை நீரால் நனைத்து மை உருட்டினால் கொழுப்புள்ள கோட்டில் மட்டும் மை ஒட்டும். அதில் தாளை வைத்து அழுத்தினால் கறுப்புக் கோட்டுப்படம் கிடைக்கும். நிறம்? நிறத்தைக் கையால் தீட்டினார்கள். ஒவ்வொரு தாளுக்கும், ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக, ஒரு மாதிரிப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீட்டினார்கள். இலங்கைக் காட்டையே காணாத அந்தக் கைகள் ஒரு மயிர்க்கொட்டியின் சரியான மஞ்சளை எப்படி அறிந்தன? டி அல்விஸ் தீட்டிய மஞ்சளைப் பார்த்துத்தான் அறிந்தன. இங்கே அவர் கொஞ்சம் பிசகியிருந்தால், அங்கே அத்தனை பிரதிகளிலும் பிசகியிருக்கும்.

நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி எது, யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்? கறுப்பு முன்சிறகும் பொன்மஞ்சள் பின்சிறகும் உள்ள அந்தப் பெரிய பறவைச்சிறகுப் பூச்சி. உலகில் வேறெங்கும் இல்லாதது; இலங்கைக்கே உரியது. 2009 இல் அதற்கு அந்தத் தகுதி கிடைத்தது. அதன் புழு ஈசுவரமூலி இனக் கொடிகளைத் தின்று வளர்கிறது. அந்தக் கொடி அழிந்தால் அந்தப் பூச்சியும் அழியும். புழு எதைத் தின்கிறது என்று வரைந்து வைத்தவர்களின் வேலை காட்டைக் காக்க நினைக்கும் எவருக்கும் இன்றைக்கும் தேவைப்படுகிறது.

சரி, பெயருக்கு வருகிறேன். நூலின் முகப்பில் இருப்பது மூரின் பெயர். மருதமுனைக் கைத்தறியில் ஒரு சாரம் நெய்யப்படுகிறது. கடையில் அதற்குக் கடைக்காரரின் பெயரொட்டு. நெய்த கை எதுவென்று கட்டிக்கொள்பவருக்குத் தெரியாது. அப்படித்தான் அந்தக் கால நூல்களும். மூர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, பெரும் உழைப்பாளி. ஆனால் அந்தப் புழுக்களை உயிரோடு கண்டவர்கள் யார்? அவர்கள் பெயரும் முகப்பில் இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

இது இலங்கையில் மட்டும் நடந்ததா? கடலுக்கு அப்பால் சென்னையைப் பாருங்கள். ரொபர்ட் வைட் என்ற மருத்துவர், தாவர அறிஞர், 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களில் தென்னிந்தியச் செடிகளின் பட நூலை அங்கேயே அச்சிட்டார். 2,101 படங்கள்! வைட்டுக்காகச் செடி வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்தியச் சித்திரக்காரர்கள். வைட்டிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயியா என்று தம் சித்திரக்காரரின் பெயரையே சூட்டினார். பின்னாளில் அந்தச் செடியை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு துரை, தன் கீழ் வேலை செய்த கலைஞரின் பெயரை அப்படி எழுதி வைத்தாரே, அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

லண்டனிலேயே இருந்தவர்களுக்கு எல்லாம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. வோல்டர் ஹூட் பிட்ச் என்பவர் கியூ தாவரப் பூங்காவின் அறிஞர்களுக்காகப் பத்தாயிரம் அளவு படங்கள் வரைந்தவர். அவரும் 1877 இல் கூலி விடயத்தில் மனங்கசந்து, நாற்பது ஆண்டுக்கு மேல் வரைந்து வந்த தாவர இதழை விட்டுப் போனார். உலகின் தலைநகரில், அந்தத் துறையின் முதல் கலைஞருக்கே அந்த நிலை. பேராதனையின் சம்பளப் பட்டியலில் இருந்த ஒரு சிங்களக் குடும்பத்துக்கு எந்த அளவு குரல் இருந்திருக்கும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் வேலை நிற்கவில்லை. த்வெய்ட்ஸ் போன பின் 1880 இல் ஹென்றி ட்ரைமன் வந்தார். இலங்கையின் பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு கைநூல் எழுதப் புறப்பட்டார். முதல் பாகம் 1893 இல் வந்தது. மூன்றாவது பாகம் 1895 இல் வந்தது. 1896 இல் ட்ரைமன் இறந்து போனார். மீதியை முடித்தவர் யார் தெரியுமா? எண்பது வயதைக் கடந்த ஜோசப் ஹூக்கர். டார்வினின் உற்ற நண்பர். 1898 இல் நான்காவது பாகம், 1900 இல் ஐந்தாவது பாகம் என்று செய்து முடித்தார். இந்த நூலோடு 100 வண்ணப் படங்கள் கொண்ட தொகுப்பும் வந்தது. அந்தப் படங்களுக்கு எங்கே போனார்கள்? பேராதனையில் டி அல்விஸ் குடும்பம் வரைந்து சேர்த்த குவியலுக்குத்தான் போனார்கள். 1823 இல் தகப்பனார் தூரிகை எடுத்தார். 1900 இல் நூல் முடிந்தது. விக்டோரியாவின் ஆட்சி அதற்கு அடுத்த ஆண்டு முடிந்தது. ஓர் அரசியின் முழு ஆட்சிக்கும் முன்னால் தொடங்கி அதன் விளிம்பு வரை நீண்ட உழைப்பு அது.

மூவரில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால், புழு வரைந்த மக்களின் பக்கமே நான் நிற்பேன். தகப்பனாரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் செடியை வரைந்தார். செடி ஓடாது, உருமாறாது. மக்கள் வரைந்ததோ நாளுக்கு நாள் வேறாகிக்கொண்டே போகும் ஓர் உயிரை. அந்தப் படங்களில் ஒரு மயிர்க்கொட்டி இலையின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால், வரைந்தவர் எவ்வளவு நேரம் அதன் பக்கத்தில் அசையாமல் இருந்திருப்பார் என்பது தெரியும்.

ஆசிரியர்களே, ஒரு நல்ல செய்தி. மூரின் மூன்று பாகங்களும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உலகின் பெரிய நூலகங்கள் சேர்ந்து நடத்தும் பல்லுயிர் மரபு நூலகத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். உங்கள் கைத்தொலைபேசியிலேயே விரித்துப் பெரிதாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சித்திர வகுப்பில் காட்டுங்கள். விஞ்ஞான வகுப்பிலும் காட்டுங்கள். பிறகு பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். எருக்கலை இங்கே ஏராளம், அலரி ஏராளம், தேசி இல்லாத வளவு உண்டா? பார்த்ததை வரையட்டும். படத்துக்குக் கீழே எந்தச் செடி, எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதட்டும். அந்த மூன்றும் இல்லாத படம் அறிவியலுக்கு உதவாது. இந்தக் கடற்கரையின் பூச்சிகளைப் பற்றி அப்படி எழுதி வைக்க இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.

சில பக்கங்களை நான் அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த ஓரத்து மேசையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் முதலில் போகட்டும், பெரியவர்கள் பின்னால் வரலாம். போகிறவர்கள் சிறகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கீழே இலையில் இருக்கும் புழுவைப் பாருங்கள், அதன் கால்களை எண்ணுங்கள்.